வீட்டுவண்டியும் வறுநிலமும்

பிரயாணம் என்ற சொல் செவியில் விழுந்த மாத்திரத்தில் நம்மவர் மனம் நீரையும் நிழலையுமே நாடும். சாரல் தொடங்கினால் குற்றாலம், கையிற் பொருள் மிகுந்தால் கொடைக்கானல், இரண்டுக்கும் வகையில்லையேல் இராசபாளையத்துக்கு மேற்கே ஐயனார் அருவி என்று நம் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. வெயில் காயும் வறுநிலத்தைத் தேடிச் சென்று காண்பாரைப் பித்தரென நகைப்பதும் நம் வழக்கம். ஆயினும் சில ஆண்டுகளாக இவ்வழக்கம் மாறி வருகின்றது. கல்வி முடித்து உத்தியோகத்தில் அமர்ந்த இளைஞர் சிலர், உறங்கும் பலகையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் ஒருங்கே அமைந்த மோட்டார் வண்டியொன்றை வாடகைக்கேனும் விலைக்கேனும் பெற்று, இராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்தையும் குஜராத்தின் கட்சு உவர்நிலத்தையும் நாட்கணக்கிற் சுற்றி வருகின்றனர். சினிமா நடிகர் படப்பிடிப்பினிடையே இளைப்பாறும் ‘கேரவன்’ என்ற அளவில் மட்டுமே நம் ஊரார் அறிந்திருந்த அவ்வண்டி, இப்போது குடும்பத்தோடு செல்வார்க்கும் உரியதாகிவிட்டது. மலைக்கு அப்பாலுள்ள கேரள அரசாங்கத்தார் 2021-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு கொள்கை வகுத்து, இத்தகைய வண்டிகளையும் அவை தங்குமிடங்களையும் ஊக்குவிக்கத் தொடங்கினர். அதனை இக்கட்டுரையில் வீட்டுவண்டி என்றே வழங்குவோம்.

வீட்டுவண்டியிற் பாலைநிலம் செல்வது தக்கதா என்று மாணவ நண்பர் வினவின், தக்கதே என்பது நம் விடை. ஆனால் அதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. வண்டி தன் தொட்டியைப் பாலைநிலத்தாரின் நீரைக் கொண்டு நிரப்பலாகாது. தன் கழிவை அவர்தம் மண்ணில் விட்டு வருதலும் ஆகாது. இவ்விரண்டையும் மேற்கொள்ள இயலாதவர் ஊரிலிருத்தலே நலம் என்று சொல்ல நாம் அஞ்சோம். இது கடுமையான தீர்ப்பாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆதலின் காரணங்களைச் சற்று விரித்துக் கூறுவோம்.

வீட்டோடு வழிச்செல்லுதல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையன்று. இங்கிலாந்தில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் 1885-ல் இரண்டு குதிரைகள் பூட்டிய வீட்டுவண்டியொன்றில் ஸ்காட்லாந்து வரை சென்று, அதைப்பற்றி நூலும் எழுதினார். உல்லாசத்துக்கென்றே வீட்டுவண்டியிற் சென்றாருள் அவரை முதல்வரென்று அந்நாட்டார் போற்றுவர். நம் சங்கநூல்களைப் புரட்டுவார்க்கு அவருக்குப் பன்னூறு ஆண்டு முந்திய உமணர் தோன்றுவர். நெய்தல் நிலத்து உப்பை ஏற்றிக்கொண்டு, மனைவி மக்களோடு, நிரை நிரையாகச் சகடங்களை ஓட்டிப் பாலைவழிகளைக் கடந்த வணிகர் அவர். அவர்தம் வண்டியிற் கூரை வேய்ந்திருந்ததையும், காடிக்கலம் தொங்கியதையும், கைக்குழந்தையோடு பெண்ணொருத்தி எருது ஓட்டியதையும் பெரும்பாணாற்றுப்படை கண்முன் நிறுத்துகின்றது. பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ என்றறியாத வழியில் அச்சு முரிந்தால் மாற்றுதற்கென்று இன்னோர் அச்சையும் வண்டியின் அடியிற் கட்டிச்சென்றனர். சேமவச்சு என்பது அதன் பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அதற்கு உவமித்தது புறநானூறு பயின்றார் அறிந்ததே. இன்று மோட்டார் வண்டியின் பின்புறத்தே மாட்டியிருக்கும் ஐந்தாவது சக்கரத்தைக் காணும்போதெல்லாம் அவ்வச்சு நம் நினைவுக்கு வருகின்றது.

உமணரைப் பற்றி இன்னுமொரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் வேண்டுவது. அவர்கள் சமைத்துண்டு விட்டுச்சென்ற கல்லடுப்பைப் பின்னர் அவ்வழி வந்த மழவர் தம் சமையலுக்குப் பயன்படுத்தியதாக அகநானூற்றுப் பாட்டொன்று கூறுகின்றது. கடந்து போனவர் விட்டுச்சென்ற மிச்சம் பின்வருவார்க்கு உதவியது. இன்று ஜெய்சல்மேரை அடுத்த சம் மணற்குன்றுகளின் ஓரத்தில் வண்டிகள் விட்டுச்செல்லும் மிச்சம் யாது? பிளாஸ்டிக் புட்டிகள், மிட்டாய்த் தாள்கள், குழந்தைகளின் அரைக்கச்சைகள். இவை எவனுக்கு அடுப்பாகும்? மழை மிகுந்த நாட்டில் மண்ணுக்குள் ஈரமும் புழுவும் இருந்து எதையும் ஒருவாறு அழிக்கும். வறுநிலத்திலோ எளிதில் மக்கும் பொருளும் நெடுங்காலம் கிடக்கும். மக்காத பொருளைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. காற்று அதை மூடும். மறுபருவத்துக் காற்று அதையே திறந்து காட்டும். மேய வரும் பசுவும் ஒட்டகமும் அதைத் தின்னும்.

நம் பாட்டனார் காலத்துக் கூண்டுவண்டியை இவ்விடத்தில் நினைத்தல் வேண்டும். சோழபுரம், சேத்தூர்ப் பக்கத்தார் திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கும், இருக்கன்குடித் திருவிழாவுக்கும் வண்டி கட்டிக்கொண்டு போன காலம் முதியோர் நினைவில் இன்னும் உள்ளது. வைக்கோல் பரப்பி, மேலே சமுக்காளம் விரித்து, அரிசி, புளி, மிளகாய் முதற்கொண்டு மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வரை எல்லாம் வண்டியிலேயே போகும். இருக்கன்குடியில் அர்ச்சுனாற்றுக்கும் வைப்பாற்றுக்கும் இடையே வண்டிகளை அவிழ்த்துவிட்டு, வறண்ட ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி நீரெடுத்துச் சமைப்பார்கள். திரும்பும்போது அங்கே எஞ்சுவன சாணமும் சாம்பலும் எச்சிலிலையுமே. சாணத்தையும் எவரேனும் எருவுக்கு அள்ளிப்போவர். இதைச் சொல்வது பழங்காலத்தைப் புகழ்வதற்கன்று. அக்காலத்தார் நம்மினும் நல்லோராக இருந்ததாலன்று அது. அவர் கையில் அழியாத பொருளே இல்லை என்பதுதான் உண்மை. நம் கையில் அது உண்டு. ஆகவே அவர்க்கு வேண்டாதிருந்த விழிப்பு நமக்கு வேண்டும்.

கூடாரத்தோடு இவ்வறண்ட சீமையைச் சுற்றினார் வேறொருவரும் உண்டு. நம்முடையது போன்ற கல்லூரியின் மலரில் அவர் பெயரை விடுதல் தகாது. கேம்பிரிட்ஜில் ஆசிரியராயிருந்து, பின்னர்ச் சென்னையில் மிஷன் சங்கத்தின் காரியதரிசியாயிருந்த தாமஸ் ராக்லண்டு ஐயர், 1854-ல் அப்பதவியை விட்டு வடதிருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். திருவில்லிபுத்தூரும் சிவகாசியும் சாத்தூரும் அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சார்ந்தன. மெடோஸ், பென் என்னும் இரு தோழருடன் கூடாரமடித்துச் சில நாள், பெயர்த்துச் சில நாள் என அக்கரிசற்காட்டில் ஊர் ஊராகத் திரிந்து, 1858-ல் சிவகாசியில் உயிர் நீத்தார். தென்பகுதிச் சபைகளிலிருந்து உபதேசிமார் முறைவைத்து மாதந்தோறும் வந்து உடனிருந்தனர். அவர்தம் சமயப்பணி இங்கு நம் பொருளன்று. கூடாரத்தில் நீர்த்தொட்டி இல்லை என்பதே நாம் சுட்ட விரும்புவது. குடிக்கவும் குளிக்கவும் ஊராரின் கிணற்றையே நாடவேண்டும். ஊராரோடு பேசாமல் ஒருநாளும் கழியாது. வீட்டுவண்டியோ கதவைச் சாத்திக்கொண்டால் தானே ஓர் ஊர். யாரையும் கேளாமல் வந்து, யாரிடமும் பேசாமல் தங்கி, யாரும் அறியாமல் போய்விடலாம். அது அளிக்கும் பெருஞ்சௌகரியமும் இதுவே. பெருந்தீங்குக்கு இடமாவதும் இதுவே.

இனி நீரைக் கணக்கிடுவோம். ஜெய்சல்மேர்ப் பகுதியில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்கின்றது. வறட்சிக்குப் பேர்போன நம் விருதுநகர் மாவட்டங்கூட அதைப்போல் மூன்று நான்கு மடங்கு மழை பெறுவது. அந்த அற்ப மழையைக் கொண்டு தார் நிலத்து மக்கள் வாழக் கற்ற வகை வியக்கத்தக்கது. வீட்டருகே வட்டமாகக் குழி அகழ்ந்து, உட்புறம் காரை பூசி, மேலே மூடியிட்டு, சுற்றிலுமுள்ள நிலத்தைச் சரிவாக்கி, பெய்யும் நீரெல்லாம் அதனுள் ஓடிவரச் செய்வர். டாங்கா என்பது அதன் பெயர். கல்லடுக்கு வற்றும் நீரைத் தடுத்து நிறுத்தும் இடமறிந்து, மணலில் ஊறும் ஈரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் குறுகிய கிணறுகளும் உண்டு. பாலிவாலர் என்னும் வகுப்பார் சரிந்த நிலத்தின் அடியில் நீண்ட கரை எழுப்பி, மழைநீரை நிறுத்தி, அது சுவறிய பின் அவ்வீரத்திலேயே கோதுமை விளைத்தனர். கதீன் எனப்படும் அவ்வயல்கள் சில இன்றும் விளைகின்றன. நம் கண்மாய்க்கும் அதற்கும் உறவு உண்டென்று சொல்லலாம். ஆனால் அவர்க்கு வாய்த்தது நம் மழையிற் கால்பங்கே.

ஜோத்பூரிலுள்ள மத்திய வறள்நில ஆராய்ச்சி நிலையத்தார் திருத்தியமைத்த டாங்கா ஒன்று 21,000 லிட்டர் கொள்வது. அறுவர் அடங்கிய குடும்பமொன்றுக்கு அது ஓராண்டுக்குப் போதும் என்பது அவர்கள் கணக்கு. வகுத்துப் பார்த்தால் ஆளொன்றுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்கும் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். வீட்டுவண்டியின் தொட்டி நூறு லிட்டர் கொள்வது சாதாரணம். நால்வர் காலையில் தலைமேல் நீர் தூவும் குழாயின்கீழ் நின்று குளித்து, பாத்திரம் கழுவி, கண்ணாடியிற் படிந்த புழுதியையும் துடைத்தால் மாலைக்குள் அது தீரும். பத்துப் பேர் ஒருநாள் பிழைத்திருக்கும் நீர் அது. அதை மறுபடி நிரப்ப வழியோரத்து வீட்டில் வண்டியை நிறுத்தி, ‘கொஞ்சம் தண்ணீர்’ என்று கேட்பது எளிது. பாலைநிலத்தார் இல்லையென்று சொல்லார். வழிப்போக்கனுக்கு நீர் மறுத்தலைப் பாவமென்று கருதும் மக்கள் அவர்கள். அவர் மறுக்கமாட்டார் என்பதாலேயே நாம் கேட்கலாகாது. குடிக்க ஒரு செம்பு வாங்குவது வேறு. குளிக்க ஒரு தொட்டி வாங்குவது வேறு.

சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றி, தெருக்குழாயில் நீர் வராமல், லாரி வரும் நேரம் நோக்கிக் குடங்களை வரிசையிட்டுக் காத்திருந்த அனுபவம் நம்மவர்க்குப் புதிதன்று. அவ்வரிசையின் நடுவே வெளியூர்க்காரன் ஒருவன் வந்து தன் வண்டியைக் கழுவ நீர் கேட்டால் நம் தாய்மார் என்ன சொல்வர் என்பதை எழுதுதல் இம்மலருக்கு மரியாதையன்று. நீரைப் பஞ்சாப் எல்லையிலிருந்தே கொண்டுவரும் பெருங்கால்வாயின் வேலை 1958-ல் தொடங்கி, பின்னர் இந்திரா காந்தி கால்வாய் என்று பெயர் பெற்று ஜெய்சல்மேர் ஜில்லா வரை எட்டியிருக்கின்றது. அக்கால்வாயும் நகரக்குழாயும் உள்ள இடத்தில் விலை கொடுத்து நிரப்பிக்கொள்வதில் குற்றமில்லை. கால்வாய் எட்டாத சிற்றூர்களைப் பற்றியே நம் பேச்சு.

பாலையைக் கண்டதும் ‘இங்கே யாருமில்லை’ என்று எண்ணுதலே எல்லாத் தவறுகளுக்கும் வேர். தார் நிலம் உலகிலுள்ள பாலைகளுள் மக்கள் நெருங்கி வாழ்வது. ஆயினும் நகரத்தார் கண்ணுக்கு அது வெறுநிலமாகவே தோன்றுகின்றது. போக்ரானில் 1974-லும் 1998-லும் அணுகுண்டுச் சோதனை நிகழ்ந்தபோது அதன் அருகே கேதோலாய் என்னும் சிற்றூர் இருந்ததை நாட்டில் எத்தனை பேர் அறிவர்? ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் கொடியது. அங்கே விலூனா என்ற ஊருக்கும் ஹால்ஸ் கிரீக் என்ற ஊருக்கும் இடையே ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளத்துக்கு மாட்டுமந்தை ஓட்டும் வழியொன்றைக் கானிங் என்பவர் அமைத்தார். 1906-ல் வழி தேடப் புறப்பட்ட அவர், நீருள்ள இடங்களைக் காட்டுமாறு அந்நிலத்து ஆதிகுடிகளைப் பிடித்துச் சங்கிலியாற் பிணைத்து இழுத்துச் சென்றார். இதுபற்றி 1908-ல் அரசாங்க விசாரணையும் நடந்தது. அவர் குற்றமற்றவரென்றே முடிவாயிற்று. அவ்வாண்டு தொடங்கி 1910-க்குள் ஏறக்குறைய ஐம்பது கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றுள் பல ஆதிகுடிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஊற்றுகளின் மேலேயே அமைந்தன. நீரிறைக்கும் பொறி மந்தை ஓட்டுவோர்க்கு ஏற்றதாயிருந்தது. ஊற்றுக்கு உரியவர் எட்டியும் எடுக்க இயலாததாயிற்று. இன்று அதே வழி வீட்டுவண்டிக்காரரும் மற்றைய மோட்டார்க்காரரும் வீரம் காட்டும் பாதையாகப் பெயர்பெற்றிருக்கின்றது. ஆயினும் ஒரு நல்ல மாற்றம் நிகழ்ந்துள்ளது. அவ்வழி செல்வோர் நிலத்துக்குரிய மக்களிடம் அனுமதிச்சீட்டுப் பெற்றே செல்லவேண்டும். நம் நாட்டிலும் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு சொல் கேட்டு, ஒரு தொகை கட்டி, அவர் காட்டும் இடத்தில் வண்டியை நிறுத்தும் வழக்கம் வரவேண்டுமென்பது நம் கருத்து.

தொகை என்றதால் இதையும் சொல்லிவிடுவோம். பிரயாணிகள் வந்தால் ஏழை ஊர்களுக்கு வருமானம் உண்டாகும் என்பர். விடுதியில் தங்குவார் விஷயத்தில் அது மெய்யே. வீட்டுவண்டிக்காரனோ அரிசியும் பருப்பும் வீட்டிலிருந்தே கொண்டுவருவான், படுக்கையும் அவனுடையதே. அவனிடமிருந்து ஊருக்கு ஒரு காசும் சேராது. குப்பை மட்டும் சேரும். ஆதலின் வேண்டுமென்றே அவ்வூரிற் செலவு செய்தல் கடமை. கம்பு ரொட்டியும் மோரும் அங்கேயே விலைக்கு வாங்கியுண்ணலாம். வழிகாட்ட அவ்வூரான் ஒருவனை நாட்கூலிக்கு அமர்த்தலாம். இது தானமன்று. மணலில் எந்த இடம் வண்டியைத் தாங்கும், எது தாங்காது என்பதை அவனையன்றி அறிவாரில்லை.

குளிர்காய விறகு தேடுவோர்க்கும் ஒரு சொல். அங்கே நிழல் தரும் மரம் பெரும்பாலும் கேஜ்ரி எனப்படும் வன்னிமரமே. நம் சிவாலயங்களிற் சில தலமரமாகக் கொண்டுள்ள அதே வன்னி. ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி என்ற ஊரில் 1730-ல் அரசனுடைய ஆட்கள் அம்மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்னும் பெண்மணி முதலாக பிஷ்ணோய் வகுப்பார் 363 பேர் மரங்களைத் தழுவி நின்று வெட்டுண்டு மாண்டனர். அம்மரத்தின் கிளையை முரித்து இரவில் தீமூட்டி, சுற்றியிருந்து பாட்டுப் பாடுவாரை என்னென்பது!

வண்டியின் திறமையைப் பற்றியும் மயக்கம் மிகுதி. விளம்பரப் படங்களில் வீட்டுவண்டி மணற்குன்றின் உச்சியில் நிற்கும். உண்மையில் இரண்டு மூன்று டன் எடையுள்ள பெட்டியைத் தளர்ந்த மணலில் ஏற்றினால் அது அச்சு வரை அமிழும். சக்கரத்துக் காற்றைக் குறைத்தும், அடியில் இரும்புத்தகடு இட்டும், மண்வெட்டியால் வாரியும் மீளவேண்டும். 1920-களின் இறுதியில் எகிப்து, லிபியப் பாலைகளில் போர்டு கார்களிற் சுற்றி, பிற்காலத்தில் மணலின் இயக்கத்தைப் பற்றி 1941-ல் ஒரு பெருநூல் எழுதிய பாக்னால்டு என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் இவ்வித்தைகளிற் கைதேர்ந்தவர். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் கொதித்து ஆவியாகப் போவதைக்கூட அவர் வீணாக்கவில்லை. அவ்வாவியைத் தனிப்பாத்திரத்திற் செலுத்தி, நீராக்கி, மறுபடி இயந்திரத்துக்கே ஊட்டினார். பாலையைக் கடந்தவனுக்கு நீரைப்பற்றிய எண்ணம் எத்தகையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் நம் விடுதி மாணவர் கவனிப்பார்களாக.

இன்னொன்று. பாலையில் நீரின்மையாற் சாவதுபோலவே நீராலும் சாவுண்டு. வறண்ட ஓடையின் படுகை சமமாகவும் காற்றுக்கு மறைவாகவும் இருத்தலால் வண்டி நிறுத்த ஆசை காட்டும். 2006 ஆகஸ்டில் பார்மேர் ஜில்லாவில் திடீரெனப் பெய்த பெருமழையாற் கவாஸ் முதலிய ஊர்கள் மூழ்கி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மணலின் அடியிலுள்ள கடினப்படை நீரை உறிஞ்சாமையால் வெள்ளம் பல நாள் வடியவுமில்லை. எல்லையை ஒட்டிய தனோட், லோங்கேவாலா முதலிய பகுதிகளுக்கு அதிகாரிகளின் கட்டளையறிந்து செல்லவேண்டும் என்பதை அங்குச் செல்வார் தாமே அறிவர்.

இத்தனை இடரும் கடமையும் இருக்கையில், ரயிலேறிப் போய் ஊரார் வீட்டில் தங்கி வருவதே மேலன்றோ, வீட்டுவண்டி எதற்கு என்று கேட்பாரும் உளர். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் முதியோரையும் குழந்தைகளையும் உடன்கொண்டு செல்வார்க்கு வேறு வழியில்லை. பெண்மக்கள் விஷயம் அதனினும் முக்கியம். இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு மறைவிடமும் இல்லாத பாதையில், கழிப்பறையும் தாழிடும் கதவும் உள்ள வண்டி அவர்க்குச் சுதந்தரத்தையே தருகின்றது. ஆடவர் மட்டும் கண்டுவந்து கதை சொல்லிய பாலையைத் தாய்மாரும் சகோதரிகளும் காண இவ்வண்டி உதவுமாயின் அதனை வேண்டாமென்பது முறையன்று. அக்கழிப்பறையின் தொட்டியை மட்டும் இருட்டில் மணலிற் கவிழ்த்துவிட்டு வராமல், நகரத்துச் சாக்கடையிற் சேர்க்கும்வரை சுமந்து வரவேண்டும். இது அருவருப்பான பேச்சென்று யாரும் முகஞ்சுளிக்கவேண்டா; சொல்லாது விட்டதனால்தான் பல இடங்கள் கெட்டன.

தாரும் கட்சும் தொலைவானவை, செலவும் மிகுதி. நம் மாணவர் முதலிற் காணவேண்டிய செம்மணல் நிலம் ஒருபகல் தொலைவுக்குள் உள்ளது. சோழபுரத்திலிருந்து சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியே தெற்கே சென்றால், திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட தேரிக்காடு வரும். இரும்புத்துரு ஏறிய மணல் இரத்தம்போற் சிவந்து, மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அம்மணலை வாரி வாரி இடம் மாற்றும். அதைக் கட்டுதற்காக நட்ட பனையும் முந்திரியும் குடைவேலும் இன்று பெரும்பகுதியை மூடியுள்ளன. மழை பெய்தால் மணல் அதைக் குடித்துவிட்டு, பள்ளங்களில் மெல்லக் கசிய விடும். தருவை என்னும் ஏரிகள் அவ்வாறு நிரம்புவன. ‘அருஞ்சுனை காத்த ஐயனார்’ என்று மேலப்புதுக்குடிக் கோயிலில் உறையும் தெய்வத்துக்குப் பெயர் வழங்குகின்றது. நீர்ச்சுனையைக் காத்தலே தெய்வத்தின் தொழிலாக அங்கே எண்ணப்பட்டது போலும். பங்குனி உத்திரத்தன்று குலதெய்வம் கும்பிட எத்தனையோ ஊரிலிருந்து குடும்பங்கள் அத்தேரிக் கோயில்களுக்கு வந்து கூடுகின்றன. முன்னர் மாட்டுவண்டி, இப்போது வேனும் லாரியும். அங்கேயே சமைத்து, அங்கேயே உறங்கி, மறுநாள் திரும்புகின்றனர். நம் நாட்டின் மெய்யான வீட்டுவண்டிப் பிரயாணம் இதுவே என்றாலும் பொருந்தும். அவர்கள் போனபின் மணலைச் சென்று பார்த்தவர்க்கு மேலே நாம் எழுதிய குப்பை விஷயம் வடநாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

அம்மணலுக்குள் வேறொன்றும் உண்டு. சாயர்புரம் முதலிய தேரிகளிற் கிடைத்த சிறு கற்கருவிகளை ஆராய்ந்து சாய்னர், ஆல்சின் என்னும் அறிஞர் இருவர் 1956-ல் எழுதினர். நகத்தளவேயுள்ள கூரிய கற்சில்லுகள் அவை. எழுத்தும் இரும்பும் தோன்றுமுன் அம்மணலில் வேட்டையாடித் தங்கிச் சென்றவர் விட்டுப்போன மிச்சம் அது. கனத்த சக்கரங்கள் ஏறினால் அவை நொறுங்கும். கண்டெடுத்துச் சட்டைப்பையில் இட்டு வருவதும் அவற்றைக் கெடுத்தலே. குதிரைமொழித் தேரி காப்புக்காடாதலின் வனத்துறையார் அனுமதியின்றி உள்ளே வண்டி செலுத்தலாகாது. வேண்டியதும் இல்லை. காயாமொழியிலேனும் வேறு ஊரிலேனும் உரியவரைக் கேட்டு ஒரு பனந்தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தி, நீரை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு, விடியுமுன் எழுந்து நடந்தே மணலுக்குள் செல்லலாம். மாசி கழியுமுன் போதல் நலம். பங்குனி வெயிலில் காலை பத்து மணிக்கே மணல் செருப்பையும் மீறிச் சுடும். ஆடியிற் காற்று கண்ணைத் திறக்கவிடாது.